குழந்தையை அளக்கும் கோல்

எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வரவேண்டுமென்று ஓர் அரசு சட்டமியற்றும்போது, வகுப்போடு ஒட்டிச் செல்ல இயலாத குழந்தையும் பள்ளிக்கு வந்து சேருகின்றது. அதுவரை வயலிலும் ஆலையிலும் அடுப்பங்கரையிலும் எவர் கண்ணிலும் படாதிருந்த அக்குழந்தை, கட்டாயக் கல்வி வந்த பின்னரே 'பிரச்சினை' ஆயிற்று. இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டிலும் பிரான்சில் 1882ஆம் ஆண்டிலும் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இக்குழந்தைகளை யார் கண்டறிவது, எங்ஙனம் கண்டறிவது என்ற வினா அதன்பின் நெடுங்காலம் காத்திருக்கவில்லை.

1904ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கல்வியமைச்சு இதனை ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதன் உறுப்பினராயிருந்த அல்பிரட் பினே, தியடோர் சிமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து, அடுத்த ஆண்டில் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண் பின்தொடர்கிறதா என்பது முதற் சோதனை. நுண்பொருட் சொற்களை வேறுபடுத்திக் கூறுவது இறுதிச் சோதனை. ஆசிரியரின் எரிச்சலோ மருத்துவரின் ஊகமோ ஒரு குழந்தையின் விதியை முடிவுசெய்யக்கூடாது என்பதே பினேயின் கவலை. அறிவாற்றல் பிறவியிலேயே வரையறுக்கப்பட்ட மாறா அளவு என்ற கொள்கையை அவர் 1909ஆம் ஆண்டில் எழுதிய நூலில் வன்மையாக மறுத்தார். பயிற்சியால் அது வளரும் என்பது அவர் துணிபு. 1911ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கோல் மட்டும் பிறர் கைக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டிலேயே வில்லியம் ஸ்டேர்ண் என்ற ஜெர்மானியர் மனவயதை உடல்வயதால் வகுத்து, நுண்மதி ஈவு என்ற ஒற்றை எண்ணைத் தந்தார். ஒற்றை எண் நிருவாகிகளுக்கு மிகவும் உவப்பானது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறியாதவர்களல்லர்! 1913ஆம் ஆண்டில் இலண்டன் மாவட்டசபை சிறில் பேர்ட் என்பவரைத் தனது உளவியலாளராக நியமித்தது. நுண்மதி பெரிதும் பரம்பரையாக வருவது என்பது இவரது உறுதியான நம்பிக்கை. உதவி பெறவேண்டிய குழந்தையைக் கண்டுபிடிக்கப் பிறந்த கோல், இன்ன குழந்தை இன்ன இடத்துக்குரியது என்று பிரித்தொதுக்கும் கோலாயிற்று.

1944ஆம் ஆண்டின் கல்விச்சட்டம் இடைநிலைக் கல்வியை யாவர்க்கும் இலவசமாக்கியது. அதன் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அதே சட்டத்தின்கீழ்ப் பல்லாயிரம் குழந்தைகள் 'கல்வி கற்பிக்க இயலாதவர்' என்று முத்திரையிடப்பட்டுக் கல்விப் பகுதியின் பொறுப்பிலிருந்தே நீக்கப்பட்டனர். பொதுவாக, நுண்மதி ஈவு 50க்குக் கீழே போனாற் கதவு அடைபடும். அக்கதவு 1971ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே சட்டப்படி திறந்தது.

அவ்வாண்டில் இன்னொரு நிகழ்வும் உண்டு. கிரெனடாவிலிருந்து வந்து இலண்டனில் ஆசிரியராயிருந்த பேர்னாட் கோட் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மேற்கிந்தியக் குழந்தைகள் அளவுக்கு மிஞ்சிய தொகையில் 'கல்வியிற் பின்தங்கியோர்' பள்ளிகளுக்குத் தள்ளப்படுவதை அவர் அம்பலப்படுத்தினார். சோதனையின் மொழி ஆங்கில மத்தியதர வர்க்கத்தின் மொழி; படங்களிலுள்ள பொருள்கள் அந்த வர்க்கத்தின் வீட்டுப் பொருள்கள்; சோதிப்பவரும் பெரும்பாலும் அவ்வர்க்கத்தவரே. அளக்கப்பட்டது குழந்தையின் அறிவன்று. அவ்வீட்டிற்கும் இவ்வீட்டிற்கும் இடையிலிருந்த தூரமே அளக்கப்பட்டது.

மேரி வார்னொக் தலைமையிலான குழுவின் 1978ஆம் ஆண்டு அறிக்கையும், அதன்வழி வந்த 1981ஆம் ஆண்டுச் சட்டமும் வினாவையே மாற்றின. 'இக்குழந்தை எவ்வகையினது?' என்ற கேள்வி போய், 'இதற்குத் தேவையானது யாது?' என்ற கேள்வி வந்தது. குழந்தையின் விசேட தேவையும் அதற்கு அளிக்கப்படும் உதவியும் ஒரே கூற்றுப் பத்திரத்தில் எழுதப்படலாயின. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டமாக 25 வயது வரை விரித்தது. பெற்றோர், தலைமையாசிரியர், மருத்துவர், உளவியலாளர் ஆகியோரின் கருத்தைப் பெற்று 20 வாரங்களில் திட்டம் முடிவாதல் வேண்டும்.

கேள்வி மாறியதேயன்றி, கேட்பவரின் நிலை மாறவில்லை. தேவையை மதிப்பிடுவதும் உள்ளூராட்சி மன்றம். செலவின் பெரும்பங்குக்குப் பொறுப்பானதும் அதே மன்றம். உளவியலாளரும் பெரும்பாலும் அதன் சம்பளத்திலேயே இருப்பார். இந்த முரண்பாடு வெளிப்படும் இடம் திட்டத்தின் சொற்கள். 'வாரம் ஒருமுறை, 45 நிமிடம், பேச்சுச் சிகிச்சையாளரால், தனித்து' என்றெழுதப்பட்டால், நடந்ததா இல்லையா என்று எந்தத் தாயும் சரிபார்க்கலாம். நடவாவிடின் வழக்கும் தொடரலாம். 'தேவைப்படும்போது உதவி கிடைக்கும்', 'வாய்ப்புகள் அளிக்கப்படும்' என்றெழுதப்பட்டால் எவரும் எதற்கும் பொறுப்பாளியல்லர். உதவி குறித்துரைக்கப்படல் வேண்டுமென்று இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 1990களிலிருந்தே கூறிவந்துள்ளன. எனினும் மழுங்கிய சொற்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன, அவை மலிவானவை.

2015ஆம் ஆண்டு சனவரியில், பழைய பத்திரங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 2,40,000 திட்டங்கள் இருந்தன. 2025ஆம் ஆண்டு சனவரியில் அவை 6,38,000ஐத் தாண்டின. 2024ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட புதிய திட்டங்களுட் பாதிக்கும் குறைவானவையே 20 வாரக் கெடுவுக்குள் முடிந்தன. மன்றத்தின் முடிவை எதிர்த்து 1994ஆம் ஆண்டு முதற் பெற்றோர் நியாயசபைக்குச் செல்லலாம். அண்மைய ஆண்டுகளில் அங்கு விசாரித்துத் தீர்க்கப்பட்ட வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை, முழுமையாகவோ ஓரளவிலோ, பெற்றோர் பக்கமே முடிந்தன. அவ்வாறாயின் முதல் மதிப்பீடுகள் எத்தகையன?

அதனினும் முக்கியமானது, நியாயசபையின் வாயில்வரை யார் வருகிறார் என்பது. விண்ணப்பம் எழுத ஓய்வும் மொழிப் பழக்கமும் வேண்டும். தனி உளவியலாளரின் அறிக்கைக்குப் பணம் வேண்டும். விசாரணை நாளில் வேலைக்குப் போகாதிருக்கச் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும். இரவுக் காவலுக்குப் போகும் தந்தையும் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் தாயும், 'வாய்ப்புகள் அளிக்கப்படும்' என்ற வரியின் கீழே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுடைய வழக்கு எந்த நூற்றுவீதத்திலும் சேர்வதில்லை.