ஸ்கீ பண்ண பயமா இருக்கா? ஜொகூரிலேயே தயாராகலாம்

ஜொகூரில் பனி பெய்யாது. ஆனாலும் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப் மலேசியாவுக்காகச் சறுக்கினார். நமக்கு ஒலிம்பிக் வேண்டாம். விடுமுறைக்கு ஜப்பானோ கொரியாவோ போகும்போது பயமில்லாமல் சறுக்கினால் போதும்.

பயத்தால் என்ன சிக்கல்?

சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். ஸ்கீயின் முன்பகுதியில் எடை குறைந்து, திருப்புவதும் நிறுத்துவதும் கஷ்டமாகிவிடும். அதனால் முழங்காலை லேசாக மடக்கி, காலின் முன்பக்கம் பூட்ஸில் அழுந்தும்படி நிற்கணும்.

உடம்பை எப்படித் தயார் செய்வது?

6 முதல் 8 வாரம் முன்பே தொடங்குங்க. வாரம் 3 நாள் ஸ்குவாட், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல் உட்காருதல், ஒற்றைக்காலில் நிற்றல். 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் ஏறுபவர்களுக்குத் தெரியும்: தொடை வலிப்பது இறங்கும்போதுதான். சறுக்கும்போதும் அதே தசைகளுக்குத்தான் வேலை. படிக்கட்டில் மெதுவாக இறங்கிப் பழகுங்க.

பனியில் முதல் நாள்?

பயிற்றுநரிடம் கத்துக்குங்க. ஸ்கீ முனைகளை நெருக்கி, பின்புறத்தை விரித்தால் 'பீட்சா' வடிவம், வேகம் குறையும். அப்படி நிற்கத் தெரிந்த பிறகு லிஃப்டில் ஏறலாம். ஜப்பானில் பச்சை என்றால் எளிய சரிவு. உங்களுக்கு முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை.

எப்போது நிறுத்தணும்?

கால் நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும். நண்பர்கள் கூப்பிடுறாங்கன்னு கறுப்புச் சரிவுக்குப் போகாதீங்க. ஒரே எளிய சரிவில் பத்து முறை இறங்குங்க. தைரியம் அப்படித்தான் வரும்.