ஏமன் பச்சோந்தி: நீரும் உணவும்

ஏமன் பச்சோந்தி என்பது ஏமனையும் தென்மேற்குச் சவூதி அரேபியாவையும் தாயகமாகக் கொண்ட, மரத்தில் வாழும் ஊர்வன இனம்; 1851இல் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது. தலையில் உயர்ந்த கொண்டை உடையது. செல்லப்பிராணியாகப் பரவலாக வளர்க்கப்படுகிறது.

நீர்: கிண்ணத்தில் தேங்கிய நீரை இது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, இலைகளில் உருளும் துளிகளையே நக்கிக் குடிக்கும். எனவே கூண்டினுள் செடி வைத்து, நாளுக்குச் சில முறை நீர் தெளிப்பதும் சொட்டுக்கலன் அமைப்பதும் இன்றியமையாதவை. தெளிப்புகளுக்கு இடையே கூண்டு உலர வேண்டும். ஓயாத ஈரம் பூஞ்சைக்கும் நோய்த்தொற்றுக்கும் இடமளிக்கும். எச்சத்துடன் வரும் யூரேட் வெண்மையாக இருப்பது போதிய நீரைக் காட்டும். அது ஆரஞ்சு நிறமாவதும் கண்கள் உட்குழிவதும் நீர்க்குறைவின் அறிகுறிகள்.

உணவு: சுவர்க்கோழி, கரப்பான், வெட்டுக்கிளி, பட்டுப்புழு ஆகியவை முதன்மை இரை. இரைப்பூச்சிக்கு முந்தைய நாளே கீரையும் காய்கறியும் ஊட்டுவது அதன் சத்தைப் பெருக்கும். பெரும்பாலான பூச்சிகளில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. ஆகவே கால்சியத் தூள் தூவப்படுகிறது. புறஊதா-பி ஒளி கிடைக்காவிடில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் உடலில் சேராது, எலும்புகள் மென்மையாகி வளையும். கூண்டில் வளர்வனவற்றை வருத்தும் முக்கிய நோய் இதுவே. முறையான பராமரிப்பால் தவிர்க்கத்தக்கது. குஞ்சுகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரை போதும். மிகையூட்டம் பெண் பச்சோந்தியை அளவுமீறி முட்டையிடச் செய்யும். மின்மினி நஞ்சு, கொடுக்கலாகாது. இவ்வினம் இலைகளையும் உண்ணும்.

இந்தியப் பச்சோந்தி வேறு இனம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதனை வளர்க்கத் தடை விதிக்கிறது.