பூசை ஃபாதருடையது, கூரை மேயருடையது: பிரான்ஸ் கிராமத்து தேவாலயங்களின் கதை

மேற்கு பிரான்ஸில் ஜெஸ்தே என்று ஒரு கிராமம். மக்கள்தொகை சுமார் 2,500. 19ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணியில் அங்கே கட்டிய பெரிய தேவாலயத்தின் பெரும்பகுதியை 2013இல் இடித்துவிட்டார்கள். மணிக்கூண்டு தப்பியது. முடிவெடுத்தது பிஷப் இல்லை, ஊர் மன்றம்! ரிப்பேர் பண்றதைவிட இடிச்சிட்டு சின்னதா ஒண்ணு கட்டினா செலவு கம்மி என்பது அவர்கள் கணக்கு. எதிர்த்தவர்கள் கோர்ட் வரை போனார்கள், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

தேவாலயத்தை இடிக்க ஊர் மன்றத்துக்கு என்ன உரிமை?

1789 புரட்சியில் திருச்சபைச் சொத்துகள் தேசத்தின் சொத்தாயின. 1905இல் அரசையும் மதத்தையும் பிரிக்கும் சட்டம் வந்தது. வழிபாட்டுக்கென சங்கங்கள் அமைத்தால் கட்டடங்களை அவற்றிடம் ஒப்படைக்கலாம் என்றது அரசு. போப் பத்தாம் பயஸ் 1906இல் அதற்குத் தடை போட்டார். வாங்கிக்க ஆளே இல்லை! கடைசியில் கிராமத்து தேவாலயங்கள் 'கொம்யூன்' கைக்கு வந்தன. நம்ம ஊராட்சி மாதிரி அமைப்பு அது. கதீட்ரல்களில் பெரும்பாலானவை அரசிடம். 1905க்குப் பிறகு கட்டியவை மட்டும் பொதுவாக மறைமாவட்டங்களுடையவை.

ஆனால் ஓனர் என்பதற்காக மேயர் நினைத்தபடி ஆட முடியாது. 1907 சட்டப்படி, உள்ளே வழிபடும் உரிமை மக்களுக்கும் ஃபாதருக்கும்தான், அதுவும் வாடகை இல்லாமல். ஒரு கச்சேரி வைக்கணும்னாலும் ஃபாதர் சம்மதிக்கணும். மணிக்கூண்டு சாவியில் ஒன்று ஃபாதரிடம், இன்னொன்று மேயரிடம். பாகப்பிரிவினை ஆன வீட்டுக்குப் பொது வாசல் மாதிரிதான்.

பணம்தான் சிக்கல். 1908 சட்டம், கொம்யூன் பழுதுபார்க்கச் செலவழிக்கலாம் என்கிறது. பராமரிக்காமல் விட்டு, கல் விழுந்து யாருக்காவது அடிபட்டால் பொறுப்பும் அதுதான். பாதிக்கும் மேற்பட்ட கொம்யூன்களில் 500 பேர்கூட இல்லை. ஒரு கூரை வேலையே பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

1913இல் வரலாற்றுச் சின்னங்களுக்கான சட்டம் வந்தது. எழுத்தாளரும் எம்.பி.யுமான மொரீஸ் பாரெஸ் அப்போது கிராமத்து தேவாலயங்களுக்காகக் குரல் கொடுத்தார். பட்டியலில் சேர்ந்தால் அரசு உதவி கிடைக்கும். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்றால் சேர்வது சுலபம். ஜெஸ்தே மாதிரி 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களை 'பழைய பாணியின் காப்பி' என்று ரொம்ப நாள் யாரும் மதிக்கவில்லை. இப்போது அதிகம் தடுமாறுவதும் அவைதான்.

2023 செப்டம்பரில் அதிபர் மக்ரோன், சின்ன ஊர்களின் மதக் கட்டடங்களுக்காகத் தேசிய அளவில் நிதி திரட்டுவதாக அறிவித்தார். 4 ஆண்டுகளில் 20 கோடி யூரோ இலக்கு. நன்கொடை தருபவர்களுக்கு 75% வரிச் சலுகையும் அப்போது அறிவிக்கப்பட்டது. 10,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்குத்தான் இந்தப் பணம். ஜெஸ்தேக்கு மட்டும் இது பத்து வருஷம் லேட்.