மதுரை நாட்டில் பெயரறிவிக்கும் மரபு: குகைக் கல்வெட்டு முதல் கைப்பேசி வரை

முன்னர் அறியாதார் இருவர் எதிர்ப்படுங்கால், ஒருவர்க்கொருவர் தம்மை எங்ஙனம் அறிவித்துக்கொள்கின்றனர் என்பது மொழி வரலாற்றிற்கும் சமுதாய வரலாற்றிற்கும் பொதுவானதொரு வினா. இக்காலத்தே கைப்பேசி உடையார் இருவர் தம் கருவிகளை அருகருகே கொணர்ந்து இசைவு தெரிவித்த அளவிலே, ஒருவர் பெயரும் எண்ணும் மற்றவர் கருவியிற் சென்று பதிகின்றன. எழுதுகோலும் வேண்டா, முகவரிச் சீட்டும் வேண்டா. இதனை முற்றிலும் புதியதொரு வழக்கெனக் கொள்வார் உளர். அருகில் நின்று பெயர் அறிவித்தல் பழையதே. அறிவிக்கப்படும் பெயரின் கூறுகளே மாறியுள்ளன என்பது எம் கருத்து. மதுரை மாநகரும் அதனைச் சூழ்ந்த நாடும் இக்கருத்தை ஆராய்தற்கு ஏற்ற களமாகும். ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட பெயர்ச் சான்றுகள் இந்நிலத்தில் தொடர்ந்து கிடைத்தலே அதற்குக் காரணம்.

1. கல்லும் ஓடும்

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்து மலைக் குகைகளில் உள்ள தமிழி எழுத்துகளை 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். அவை தமிழ் மொழியில் அமைந்தவை என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் விளக்கினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றுள் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரைப் படித்தறிந்து, அவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின எனக் கணித்தார். துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்தோர் தம்மை எவ்வாறு குறித்தனர் என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது. ஒருவன் நெடுஞ்செழியனின் பணியாளனாகத் தன்னைக் குறிக்கின்றான். மற்றொருவன் அம்மன்னனின் உறவினனாகவும் இன்னான் தந்தையாகவும் குறிக்கப்படுகின்றான். வேறோரிடத்தில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழு கூறப்படுகின்றது. தனிப்பெயர் மட்டும் போதும் என்று அவர்கள் கருதிற்றிலர்.

கிடாரிப்பட்டியை அடுத்த அழகர்மலைக் கல்வெட்டுகள் இன்னும் தெளிவானவை. ஆண்டுக் கொடையளித்தோருள் மதுரைப் பொற்கொல்லனும், உப்பு வணிகனும், பாணித வணிகனும், கொழு வணிகனும், அறுவை வணிகனும் காணப்படுகின்றனர். உப்பு விற்றவனும் ஆடை விற்றவனும் தம் தொழிலைப் பெயரொடு சேர்த்தே கல்லிற் பொறித்தனர். ஊர், உறவு, தொழில், பெயர் என்னும் நான்கும் வேண்டுமளவிற்கு இணைந்து நின்று, இவன் இன்னான் எனத் தெளிவித்தன.

மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில் அமைந்த கீழடியில் 2014-ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் கிடைத்த பானை ஓடுகளிலும் ஆதன், குவிரன் முதலாய பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் தனிப்பெயர்களாய் நிற்றல் கருதத்தக்கது. வீட்டினுள் புழங்கும் கலத்திற்கு உடையவன் பெயர் ஒன்றே அமையும். அயலார் காணும் பொதுவிடத்திலோ ஊரும் தொழிலும் உடன் வேண்டப்பட்டன. ஆதலின் பெயரின் நீளம், அதனை அறிவோரின் அண்மை சேய்மையைப் பொறுத்து அமைந்தது எனக் கொள்ளலாம்.

2. நூல் வழக்கு

சங்கப் புலவர் பெயர்களும் இம்மரபையே பின்பற்றின. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊரும் தந்தையும் தந்தையின் தொழிலும் அடங்கின. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்பவற்றில் ஊரும் தொழிலும் முன்னின்றன. அழகர்மலையின் அறுவை வணிகனும் நூல் வழி அறியப்படும் அறுவை வாணிகனும் ஒரே பெயரமைப்பினர் ஆதல் தற்செயலன்று. நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துப் பெயர்களை வகுத்ததும் இவ்வுலக வழக்கை நோக்கியே எனலாம்.

நேர்நின்று பெயர் அறிவித்தற்குச் சிலப்பதிகாரம் தரும் சான்று மதுரையிலேயே நிகழ்வது. நீ யார் எனப் பாண்டியன் வினவ, கண்ணகி தன் பெயரை முதலிற் கூறிற்றிலள். புகார் என் ஊர் என்றாள்; அவ்வூர் வணிகன் மாசாத்துவானைச் சுட்டினாள்; அவன் மகன் கோவலனைச் சுட்டினாள்; அவன் மனைவி தான் என்றாள்; இறுதியிலேயே தன் பெயர் கூறினாள். ஊர், தொழில், உறவு, பெயர் என்னும் வைப்புமுறையை இதனுள் தெளியக் காணலாம். அவ்வரங்கில் இஃது அணியன்று, வழக்கிற்கு இன்றியமையாத சான்றாகும். கோவலன் இன்னான் என அறிவார் மதுரைக் கடைத்தெருவில் இலராயினர்; அயலான் என்ற ஒன்றே அவனைக் கள்வன் என்று கூறுதற்கு எளிதாயிற்று. தன்னை அறிவிக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடையாது போயிற்று. பெயரறிவித்தல் சிறு செயலன்று, உயிர்நிலையைத் தொடுவது என்பதை இக்காப்பியம் உணர்த்துகின்றது.

3. மொய்யேடு

இம்மரபு நூல்களோடு முடிந்துவிட்டதன்று. மதுரை, உசிலம்பட்டி, மேலூர்ப் பகுதிகளில் திருமணம், காதணி விழா முதலாயவற்றிற்குச் செல்வோர் மொய் எழுதுமிடத்தில் நின்று, முதற்கண் ஊரைக் கூறுவர்; பின்னர்த் தந்தை பெயரின் முதலெழுத்தோடு தம் பெயரைக் கூறுவர்; சிலர் தொழிலையும் சேர்ப்பர். எழுதுவோர் அவ்வாறே ஏட்டிற் பதிவர். பல ஆண்டுகள் கழித்து அவ்வூரார் வீட்டு விழாவில் அத்தொகையைத் திருப்பிச் செய்தற்கு அப்பதிவே சான்று. இந்நாளில் கணிப்பொறி வழி மொய் பதிந்து சீட்டு அளிக்கும் வழக்கம் பரவிய பின்னரும் ஊரே முன்னிற்கின்றது. கண்ணகி கூறிய முறையும் மொய்யேட்டு முறையும் ஒத்திருத்தல் நோக்குக.

4. கருவியின் வரலாறு

இனிக் கருவியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். மின்வழி முகவரிச் சீட்டிற்கு வி-கார்டு என்னும் பொது வடிவம் 1990-களின் நடுவில் அமெரிக்காவில் உருவாயிற்று. 1998-இல் வெளிவந்த பாம் 3 என்னும் கையடக்கக் கணிப்பொறி, எதிர்நின்ற மற்றொரு கருவிக்கு அகச்சிவப்புக் கதிரால் அச்சீட்டை அனுப்பியது. 2004-இல் நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் அண்மைப்புலத் தொடர்பிற்கென ஒரு மன்றம் அமைத்தன. இம்முறையில் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு கருவியின் கம்பிச்சுருள் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்க, மிக அருகிலுள்ள மற்றதன் சுருள் அதனை உணர்கின்றது. பெரும்பாலும் நான்கைந்து விரற்கடைத் தொலைவிற்கு அப்பால் இது செயற்படாது. 2009-இல் தோன்றிய பம்ப் என்னும் செயலி கைப்பேசிகள் இரண்டை மெல்ல முட்டச் செய்து விவரம் மாற்றியது. அது 2014 சனவரியில் நின்றது. 2011-இல் ஆண்ட்ராய்டு பீம் வந்தது. 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10-இல் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் நேம்டிராப் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில், அருகில் வந்தோர் எவரும் விவரங்களைக் கவர்ந்துவிடுவர் என அமெரிக்கக் காவல் துறையினர் சிலர் எச்சரித்தனர். ஆயினும் பூட்டு நீக்கிய கருவியில் உடையவர் இசைந்தாலன்றி எதுவும் செல்லாது. எதிர்நிற்போர்க்குத் தன் விருப்பத்தோடு பெயர் கூறும் பழைய மரபையே இவ்வமைப்பும் வேண்டுகின்றது.

5. பெயரின் கூறுகள்

மாறுபாடு யாண்டுளது எனின், சீட்டின் கட்டங்களில் உளது என்க. வி-கார்டின் பெயர்க்கூறு ஐந்து: குடும்பப் பெயர், இட்ட பெயர், கூடுதற் பெயர், முன்னடை, பின்னடை. குடும்பப் பெயர் முதலில் நிற்கின்றது. தமிழர்க்கோ குடும்பப் பெயர் என ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. சாதிப் பட்டம் அவ்விடத்தை நிரப்பிய காலமும் உண்டு. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அப்பட்டங்களை நீக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. பின்னர்த் தமிழகத்தில் அவற்றை விடுத்தோர் பலர். இந்நிலையில் வெற்றாக நிற்கும் கட்டம் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்குகின்றது; ஆதலின் அகரவரிசையில் மகன் தந்தை பெயரின்கீழ் மறைகின்றான். விடுத்த பட்டத்தை மீட்டும் எழுதுமாறு அது சிலரைத் தூண்டுதலும் கூடும். 2011-இல் வகுத்த வி-கார்டின் நான்காம் பதிப்பு இப்பிரிப்பைக் கட்டாயமின்றி விட்டு, முழுப்பெயர் ஒன்றையே கட்டாயமாக்கியது. வேற்று மரபினர் பெயர்கட்கு இஃது இடமளித்தது. ஆயினும் கருவிகள் பல பழைய கட்டங்களையே இன்றும் காட்டுகின்றன.

ஊரும் மறைந்தது. தரைவழித் தொலைபேசியில் 0452 எனக் கண்டவுடன் மதுரை என அறிந்தனர். கைப்பேசி எண்ணில் அக்குறிப்பு இல்லை. 2015 சூலை முதல் நாடு முழுவதும் எண் மாறாது இடம் மாறலாம் என்ற விதி வந்தபின், எண்ணின் தொடக்கம் காட்டிய வட்டாரக் குறிப்பும் உறுதியற்றதாயிற்று.

எண் ஒன்றே போதுமே, ஊர் எற்றுக்கு எனின், மக்கள் வழக்கே அதற்கு விடை கூறும். எவருடைய கைப்பேசியையும் திறந்து நோக்குக: மேலூர் முருகன், பால்காரர் பாண்டி, பிளம்பர் செல்வம், திருமங்கலம் மாமா எனப் பெயர்கள் நிற்கும். உப்பு வணிகன் எனக் கல்லில் வெட்டிய மனமே பால்காரர் எனத் திரையில் தட்டெழுதுகின்றது. எண்ணைக் கேட்டுத் தம் கையால் எழுதியவரையில், பெறுவோரே ஊரையும் தொழிலையும் உறவையும் சேர்த்தனர். கருவிகள் தாமே பரிமாறிக்கொள்ளும்போதோ, கொடுப்போர் சீட்டில் உள்ளது உள்ளவாறே சென்று அமைகின்றது. கட்டங்களில் முருகன் என்ற ஒன்றே இருப்பின் முருகன் என்றே பதியும். எந்த முருகன் என்பது சில திங்களில் மறந்துபோம். ஈராயிரம் ஆண்டு தொடர்ந்த பெயர்மரபு அறுபடத் தொடங்குவது இவ்விடத்தேதான் என யாம் கருதுகின்றோம்.

6. முடிபு

இதற்குக் கருவியை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. அதே சீட்டில் முகவரிக்கும் தொழிலுக்கும் குறிப்பிற்கும் கட்டங்கள் உண்டு. அவற்றை வெறுமையாக விடுவோர் நாமே. முழுப்பெயர்க் கட்டத்தில் தந்தை முதலெழுத்தோடு தம் பெயரைத் தமிழில் எழுதி, தொழிற் கட்டத்தையும் நிரப்புவார்க்கு அழகர்மலை வணிகரின் மரபு திரையிலும் தொடரும். ஊரை அறிவிக்க விரும்பாதார், குறிப்பாக மகளிர், அதனை விடுத்தலும் முறையே. எவ்வளவு கூறுவது என்பது கூறுவோர் உரிமை. குடும்பப் பெயர்க் கட்டத்தில் சாதிப் பட்டம் மீட்டும் குடியேறாமை காத்தல் மட்டும் நம் அனைவர் கடமையாம்.

முதுகலை மாணவர் தமக்குரிய ஆய்வுப்பொருளாக இதனைக் கொள்ளலாம். மொய்யேடுகளும் கைப்பேசிப் பெயர்ப்பதிவுகளும், உடையவர் இசைவோடு தொகுக்கப்பெறின், தொல்காப்பியர் கூறிய பெயர்வகைகள் இன்று எவ்வாறு வழங்குகின்றன என்பதற்குக் கிடைத்தற்கரிய சான்றாகும். கல்வெட்டைப் படியெடுக்கும் விழிப்போடு அவற்றையும் தொகுத்தல் வேண்டும். கல் நிற்கும், திரையில் எழுதியதோ கருவி மாறுந்தோறும் அழியக்கூடும்.