மெர்செனின் 67: ஒரு பேரெண்ணின் வரலாறு

இரண்டினை 67 முறை வைத்துப் பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழிப்பின், 14,75,73,95,25,89,67,64,12,927 என்னும் 21 இலக்கப் பேரெண் கிடைக்கும். ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் வகுபடாத பகா எண் இஃது என்னும் கூற்று 230 ஆண்டுகளுக்கு மேலாக மறுக்கப்படாது நின்றது. அது பற்றி வழங்கும் செய்திகளுள் நிறுவப்பெற்றன யாவை, சொல்லப்பட்டன மட்டுமே யாவை என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

பிரெஞ்சுத் துறவியாகிய மாரன் மெர்சென் 1644-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், 257 வரையுள்ள அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே இம்முறையில் பகா எண் தருவன என்றார். அதற்கு நிறுவல் தந்திலர். 1876-இல் எதுவார் லூக்கா, 67-ஆம் அடுக்கு தரும் எண் பகா எண் அன்று என்று காட்டினார். ஆயின், அதன் காரணிகள் யாவை என்பதை அவர் முறை காட்டவில்லை. பகுபடும் என்று அறிந்தும் எவ்வாறு பகுபடும் என்று அறியாத நிலை 27 ஆண்டுகள் நீடித்தது.

இதனிடையே, 61-ஆம் அடுக்குப் பகா எண் தரும் என்பதனை உருசியப் பாதிரியாராகிய பெர்வூஷின் 1883-இல் நிறுவினார். ஆகவே, மெர்சென் 61 என்றே எழுதினார் என்றும், அச்சில் 67 எனப் பிழைபட்டது என்றும் சிலர் கருதுவர். ஏட்டுப் பிழைகளோடு பழகிய நமக்கு இக்கருத்து இனிதே தோன்றும். எனினும், பகா எண் தரும் 89, 107 ஆகியனவும் (இவற்றைப் பவர்சு முறையே 1911, 1914-இல் நிறுவினார்) அப்பட்டியலில் இல்லை. பகா எண் தராத 257 அதனுள் உள்ளது. ஓர் எழுத்தைத் திருத்துவதால் ஓரிடம் சீர்ப்படுமேயன்றிப் பட்டியல் முழுதும் சீர்ப்படாது. எனவே இது கருதத்தக்கதேயன்றித் துணியத்தக்கதன்று.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் அக்காரணிகளை அறிவித்தார். அவை 19,37,07,721, 7,61,83,82,57,287 என்பன. கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்றும், இதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்று தம்மிடம் கூறினார் என்றும் எரிக் டெம்பிள் பெல் 1951-இல் எழுதினார். நிகழ்ச்சிக்கு 48 ஆண்டு பிற்பட்ட இச்செய்தியைப் பெல்லின் கூற்றாகக் குறித்தலே முறை. காரணிகளோ கோலின் கட்டுரையிலேயே உள்ளன.

இவற்றை நாமே சோதிக்கலாம். இவ்வெண்ணின் பகாக் காரணி எதனையும் 67-இன் இருமடங்காகிய 134-ஆல் வகுப்பின் ஒன்றே எஞ்சுதல் வேண்டும். முன்னதில் ஈவு 14,45,580, பின்னதில் 5,68,53,60,129, இரண்டிலும் எஞ்சுவது ஒன்றே. இவ்விரண்டையும் தம்முள் பெருக்க மெர்செனின் எண் வரும். மெர்செனின் பெருமை அவர் கூற்றைக் காத்திலது. பெல்லின் கதை பொய்யாயினும் கோலின் விடை குன்றாது. கூறியவர் யார் என்பதற்கு முன் காட்டியது யாது என்று வினவுதல் இலக்கிய வரலாற்று ஆய்வுக்கும் உரிய நெறியாகும்.