ஓ.எஸ்.பி.எஃப் அண்டைத் தொடர்புச் சிக்கல்கள்

ஓ.எஸ்.பி.எஃப் என்பது ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்பில், ரவுட்டர் எனப்படும் திசைவிகள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் நெறிமுறை ஆகும். இதன் இரண்டாம் பதிப்பை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி 2328 ஆவணம் 1998 இல் வெளியானது. இரு திசைவிகளுக்கிடையே அண்டைத் தொடர்பு உருவாகாவிட்டால், கம்பி இணைப்பு சீராக இருந்தாலும் அதன் வழியாக வழித்தகவல் பரிமாறப்படாது. தொடர்பு எந்நிலையில் நின்றுள்ளது என்பதைக் கொண்டு பழுதின் காரணத்தைப் பெரும்பாலும் அறியலாம்.

தொடர்பு உருவாகும் முறை

திசைவிகள் 224.0.0.5 என்னும் குழு முகவரிக்கு ஹலோ பொதிகளை அனுப்புகின்றன. ஈதர்நெட்டில் வழக்கமாக 10 நொடிகளுக்கு ஒரு பொதி அனுப்பப்படும். 40 நொடிகள் பொதி வராவிட்டால் அண்டைத் திசைவி செயலிழந்ததாகக் கொள்ளப்படும். தொடர்பு டவுன், இனிட், டூ-வே, எக்ஸ்-ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச், லோடிங் ஆகிய நிலைகளைக் கடந்து ஃபுல் நிலையை அடைகிறது.

நிலைகளும் பழுதுகளும்

* டவுன்: ஹலோ பொதி வரவில்லை அல்லது ஏற்கப்படவில்லை. ஈதர்நெட்டில் ஹலோ இடைவெளி, செயலிழப்பு நேரம், பகுதி எண், சப்நெட் மாஸ்க், கடவுச்சொல் ஆகியவற்றுள் ஒன்று வேறுபட்டாலும் பொதி நிராகரிக்கப்படும்.
* இனிட்: அண்டைத் திசைவியின் ஹலோ வருகிறது; ஆனால் அதில் இத்திசைவியின் அடையாள எண் இல்லை. அதாவது, இங்கிருந்து செல்லும் பொதி அங்கு ஏற்கப்படவில்லை. ஓ.எஸ்.பி.எஃப், ஐபி நெறிமுறை எண் 89 ஐப் பயன்படுத்துவதால், பிங் கட்டளை வெற்றி பெற்றாலும் ஃபயர்வால் இப்பொதிகளைத் தடுத்திருக்கக்கூடும்.
* டூ-வே: இது எப்போதும் பழுதன்று. ஈதர்நெட்டில் தலைமைத் திசைவி, மாற்றுத் தலைமைத் திசைவி ஆகிய இரண்டும் அல்லாத பிற திசைவிகள் தமக்குள் இந்நிலையிலேயே இருக்கும். அனைத்துக்கும் முன்னுரிமை 0 எனில், தலைமைத் திசைவி தேர்வாகாது. எத்தொடர்பும் ஃபுல் நிலையை அடையாது.
* எக்ஸ்-ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச்: இரு முனைகளிலும் எம்.டி.யு எனப்படும் மிகப்பெரிய பொதியளவு வேறுபடுவது பொதுவான காரணமாகும். சிறிய அளவு கொண்ட திசைவி, மற்றதன் தரவுத்தள விவரப் பொதியை நிராகரித்துவிடும்.

தீர்வு

எம்.டி.யு சரிபார்ப்பை நிறுத்தும் கட்டளை பல திசைவிகளில் உண்டு. அதனால் தொடர்பு ஃபுல் நிலையை அடையலாம். எனினும் பெரிய பொதிகள் தொடர்ந்து தொலையக்கூடும். ஆகவே இரு முனைகளிலும் அளவைச் சமமாக்குவதே முறையான தீர்வாகும்.