நிச்சயமின்மையைத் தாங்க இயலாமை (ஆட்டிசத்தில்)

அடுத்து என்ன நடக்கும் எனத் தெரியாத நிலையையே அச்சுறுத்தலாக உணரும் மனப்போக்கு. நடக்கப்போவது நல்லதா கெட்டதா என்பது இரண்டாம்பட்சம், தெரியாமைதான் வதைக்கிறது. கனடாவின் கியூபெக்கில் மார்க் ஃபிரீஸ்டனும் சக ஆய்வாளர்களும் 1994-இல் இதை அளக்க 27 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். அவர்கள் அன்று ஆராய்ந்தது பொதுவான மிகைக்கவலையை; ஆட்டிசத்தை அல்ல.

ஆட்டிசம் உள்ள சிறாரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பதற்றக் கோளாறு இருப்பதாக 2011-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. ஆட்டிசம் உள்ள, இல்லாத சிறாரை ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வு (இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தாரும் இதில் பங்கேற்றனர்), இரு தரப்பின் பதற்ற வேறுபாட்டுக்கு இவ்வியலாமையே முக்கிய இடைக்கண்ணி என்றது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, எது முந்தியது என்பதை நிறுவவில்லை.

பள்ளிப் பேருந்து வேறு தெருவில் திரும்பினாலோ வழக்கமான ஆசிரியை வராவிட்டாலோ எழும் கலக்கத்தைப் பிடிவாதம் எனத் தள்ளுவது பிழை. ஆட்டிசம் உள்ள சிறார் மாறாமையை நாடும் விருப்பத்தைப் பதற்றத்தோடு சேர்த்தே மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் விவரித்திருந்தார். திடீர் ஒலி, ஒளி போன்ற புலனுணர்வுத் தொல்லைகளும் அன்றாடத்தைக் கணிக்க முடியாததாக்குகின்றன.

அன்று நடக்கவிருப்பவற்றை வரிசையாகக் காட்டும் பட அட்டவணைகள் உதவும்; ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட இயலாது. எனவே நியூகாசிலில் உருவான பெற்றோர் பயிற்சித் திட்டம், சிறு நிச்சயமின்மைகளைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குகிறது.